ஆவணி 25ல் நாற்று விட்டால் சி.ஆர். 1009 சப் 1 நெல் தேறுமா?

கேள்வி: வாய்க்காலின் கடைசிப் பகுதியான எங்க கடைமடைக்கு இப்பதான் தண்ணி வந்தது. மன்னார்குடி பக்கம், தண்ணி தேங்கும் பள்ளக்கால் நிலம். அறுப்புக்கு அப்புறம் உளுந்தும் போடணும். எந்த ரகம் விடலாம்?

பதில் 1: சி.ஆர். 1009 சப் 1 வேண்டாங்க. அது 155-160 நாள் பயிர். செப்டம்பர் 10ல் விதைத்தால் அறுப்பு பிப்ரவரி நடுவில். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28ல் மூடுவதால், பால் பிடிக்கும்போது தண்ணீர் தட்டும். டி.கே.எம். 13 விடுங்க: 130 நாள், பொங்கலை ஒட்டி அறுப்பு. ஏக்கருக்கு 16 கிலோ விதை, 25 நாள் நாற்று.

பதில் 2: ஏ.டி.டி. 43 பக்கம் மட்டும் போயிடாதீங்க. 110 நாள்தானே என்று இப்போது விட்டால் நவம்பர் கடைசியில் பூக்கும். அடைமழையில் மகரந்தம் கழுவிப்போய் பதர்தான் மிஞ்சும்.

கேள்வி: பள்ளமாச்சே அண்ணே, டி.கே.எம். 13 மூழ்கினால்?

பதில் 1: மூழ்கலைத் தாங்குவது சி.ஆர். 1009 சப் 1தான், அதுவும் பக்கத் தூர்கள் வெடிக்கும் தூர்கட்டும் பருவத்தில்தான். அதனால் வடிகாலை இப்பவே வெட்டுங்க. தண்ணி வடிந்த பிறகே யூரியா.

பதில் 3: அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடி, மண் மெழுகுப் பதத்தில் ஏ.டி.டி. 3 உளுந்து ஏக்கருக்கு 12 கிலோ தெளிங்க. சேறாக இருந்தால் விதை அழுகும், காய்ந்தால் முளைக்காது. தை தாண்டினால் ஈரம் போய்க் காய் சிறுக்கும். லாபமே அந்த உளுந்தில்தான்.