பிலிப்பைன்ஸ் விஞ்ஞானிகளுக்குத் தேவை பட்டமா, படியா?

பொடிநடை:
மாமரம் எப்போது பூக்க வேண்டும் என்பதை உழவர் கையில் கொடுத்தவர் ராமோன் பார்பா. அதற்கு முன் பிலிப்பைன்ஸில் மரத்தடியில் நாள்கணக்கில் புகை போடுவார்கள், அப்படியும் பூக்கும் என்ற உறுதி கிடையாது. இவர் 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ பொட்டாசியம் நைட்ரேட் கரைத்து இலையில் தெளித்தார், மொட்டு விட்டது. காப்புரிமை எடுத்தும் உழவர்களிடம் ராயல்டி கேட்கவில்லை. இதெல்லாம் 1970-களில் நடந்தது. 'தேசிய விஞ்ஞானி' பட்டம் கொடுத்தது 2014-ல், எழுபது தாண்டிய பிறகு. 2021-ல் ஆளே போய்விட்டார். இதற்குப் பெயர் ஊக்குவிப்பா?

நெய்தல்:
அந்தப் பட்டம் வாழ்நாள் உழைப்புக்கான மரியாதை, பொடிநடை. அதை ஏன் இளைஞர் பரிசோடு குழப்புகிறீர்கள்? இளம் விஞ்ஞானிகளுக்கு அவர்களுடைய அறிவியல் அகாதமி தனி விருதே வைத்திருக்கிறது. 2014-ல் பார்பாவோடு கடற்பாசி வளர்ப்புக்கு வழிகாட்டிய கவினோ ட்ரோனோ, பவளப்பாறைகளுக்காகப் பாடுபட்ட எட்கார்டோ கோமெஸ், கடல் சரணாலயங்களை அமைத்த ஏஞ்சல் அல்காலா மூவருக்கும் பட்டம் கொடுத்தார்கள். இல்லாவிட்டால் நாமே இவர்களைப் பற்றிப் பேசியிருப்போமா? டியூப்லைட்டைக் கண்டுபிடித்தது அகபிட்டோ ஃப்ளோரஸ் என்று அங்கே பல காலம் நம்பினார்கள். சுத்தக் கட்டுக்கதை, அந்த மாதிரி விளக்குக்கான வேலை அவர் பிறக்கும் முன்பே ஐரோப்பாவில் தொடங்கிவிட்டது. உண்மையான ஆட்களை மேடையேற்றாவிட்டால் இப்படித்தான், இல்லாத சாதனைக்குக் கைதட்டிக்கொண்டு இருப்போம்.

பொடிநடை:
மேடை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. மேடைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பாருங்கள். அரசு விஞ்ஞானிகளுக்காக 1997-ல் குடியரசுச் சட்டம் 8439 கொண்டுவந்தார்கள். ஆபத்துப் படி, உணவுப் படி, சலவைப் படி என்று வரிசையாக எழுதியிருக்கும், படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அறிவியல் துறையின் ஒரு பிராந்திய அலுவலகம் 2001-ல் இந்தப் படிகளைக் கொடுத்தது. பட்ஜெட்டில் ஒதுக்காமல் மிச்சப் பணத்திலிருந்து கொடுத்தது செல்லாது என்று தணிக்கை ஆணையம் தள்ளிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013-ல் ஆணையம் சொன்னதே சரி என்று தீர்ப்பு வந்தது. நல்லெண்ணத்தோடு வாங்கியவர்கள் திருப்பிக் கட்ட வேண்டாம் என்றார்கள், அந்த மட்டும் தப்பித்தார்கள். கோட்டு துவைக்கிற காசுக்குப் பன்னிரண்டு வருடம் சார்!

சுண்டெலி:
இடையில் நுழைகிறேன். பால்டோமெரோ ஒலிவேரா அமெரிக்காவில் டிஎன்ஏ பற்றிப் படித்துவிட்டு மணிலா திரும்பினார். அந்த வேலையைத் தொடரக் கருவிகள் இல்லை, சரி, கடலில் கிடைக்கிற கூம்பு நத்தையின் விஷத்தை ஆராய்வோம் என்று இறங்கினார். பிறகு மறுபடி அமெரிக்கா போய்விட்டார். யூட்டாவில் அவருடைய ஆய்வகத்தில் அந்த நத்தை விஷத்திலிருந்து கண்டெடுத்ததுதான் கடுமையான வலிக்கான ஜிகோனோடைட், 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வறுமை புதுவழி காட்டியது என்று இதைப் பெருமையாகச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கடுப்பாகிவிடும். நத்தை பிலிப்பைன்ஸ் கடலுடையது, ஆளும் அந்த ஊர்க்காரர், மருந்து வேறு நாட்டில்.

நெய்தல்:
அதற்குத்தான் 'பாலிக் சயின்டிஸ்ட்' திட்டம் வந்தது, சுண்டெலி. 1975-ல் தொடங்கி 2018-ல் தனிச் சட்டமே ஆக்கினார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பும் விஞ்ஞானிக்கு விமானச் செலவு, உதவித்தொகை, கொண்டுவரும் கருவிகளுக்கு வரிவிலக்கு என்று நிறைய இருக்கிறது. ஒன்றுமே செய்யவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

பொடிநடை:
திரும்பி வருபவருக்கு மாலை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போகாமலேயே உள்ளூர் ஆய்வகத்தில் கிடந்து உழைப்பவர் இதைப் பார்த்து என்ன நினைப்பார்? ஒரு ரவுண்டு வெளிநாடு போய்விட்டு வந்தால்தான் நம்மைக் கண்டுகொள்வார்கள் போல என்றுதானே? ஆராய்ச்சிக்கு நாட்டு உற்பத்தியில் அரை சதவீதம்கூடச் செலவு செய்யாத அரசு, இருக்கிற கொஞ்சத்தை முதலில் யாருக்குக் கொடுக்க வேண்டும்?

நெய்தல்:
இரண்டு பேருக்கும்தான். 8439-க்கு வருடா வருடம் பட்ஜெட்டில் தனியாக ஒதுக்கச் சொல்லிச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். பார்பா பட்டத்தை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.