விலை கூடிய கோல்ஃப் பந்துகள் எம்மைப் போன்ற பொழுதுபோக்கு ஆட்டக்காரருக்குப் பயன் தருமா?

கொக்குவிலான் எழுதியது:

கள உறவுகளுக்கு வணக்கம். குடாநாட்டில் கோல்ஃப் ஆடுகளம் இல்லாவிடினும், திருகோணமலைச் சீனக்குடாவுக்கும், நீண்ட விடுமுறை வாய்க்கும்போது திகனை விக்டோரியாவுக்கும் நுவரெலியாவுக்கும் சென்று ஆடிவரும் சிலர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறோம். மற்ற நாள்களில் வீட்டு வளவில் வலை கட்டி அடிப்பதும், கிணற்றடிக்கு அப்பாலுள்ள புற்றரையில் முப்பது, நாற்பது அடித் தூரத்துக்குச் சிப் எனப்படும் சிறு தட்டு பழகுவதுமே எமது பயிற்சி.

என் அண்ணா நல்லூர்த் திருவிழாவுக்காகக் கனடாவிலிருந்து வருகிறார். வரும்போது பந்துகள் வாங்கி வருவதாகவும், எந்த வகை வேண்டுமென்று சொல்லும்படியும் கேட்டிருக்கிறார். டைட்டிலிஸ்ட் புரோ வி1 போன்ற முதல்தரப் பந்துகள் டசின் 50 அமெரிக்க டொலருக்கு மேல் விலைபோகின்றன. எமது காசில் ஒரு பந்து 1,200 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. ஏறத்தாழ அதன் பாதி விலைக்கே கலவே சுப்பர்சொஃப்ட், ஸ்ரிக்சன் சொஃப்ட் ஃபீல் போன்றவற்றை வாங்கிவிடலாம்.

எனது ஹண்டிகெப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்; குறையக் குறையத் திறமை கூட) 20 அளவில் உள்ளது. டிரைவர் என்னும் நெடுந்தூர மட்டையால் அடிக்கும் பந்து 200 யார்டை அரிதாகவே கடக்கும். கடந்தாலும் பெரும்பாலும் வலப்புறம் வளைந்து போய்விடும். ஆனால் எனது அடிகள் அதிகம் வீணாவது, குழியைச் சுற்றியுள்ள கட்டைப் புற்றரையான கிரீனைச் சுற்றித்தான். இந்த நிலையிலுள்ள ஒருவர் முதல்தரப் பந்தைப் பாவித்தால் தூரம் கூடுமா, வளைவு குறையுமா, அல்லது கிரீனருகே மட்டும்தான் பயன் கிடைக்குமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் அண்ணாவுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுவேன்.

திருமலை வாசன் எழுதியது:

தம்பி, தூரத்தைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். அதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. போட்டிகளில் அனுமதிக்கப்படும் எந்தப் பந்தும் 45.93 கிராமுக்கு மேல் நிறுக்கக் கூடாது, 42.67 மில்லிமீற்றருக்குக் குறைந்த விட்டம் கொண்டிருக்கக் கூடாது என்பதோடு, அது புறப்படும் வேகத்துக்கும் மொத்தமாகப் பறக்கும் தூரத்துக்கும் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர்&ஏயும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் உச்சவரம்பு விதித்திருக்கின்றன. கருவும் மேலுறையும் மட்டுமே கொண்ட மலிவான இரண்டு அடுக்குப் பந்தும் அந்த வரம்புக்கு மிக அருகே வரும்படிதான் செய்யப்படுகிறது. ஆகவே உங்களுடைய வேகத்தில் டிரைவரால் அடிக்கும்போது, விலை இரட்டிப்பானாலும் தூரம் சில யார்டுக்கு மேல் மாறாது. அந்தச் சில யார்டையும், பந்து டிரைவரின் முகத்தில் நடுவில் பட்டதா, விளிம்பில் பட்டதா என்பது விழுங்கிவிடும்.

வளைவும் அப்படியே. டிரைவரின் முகம் அது வீசப்படும் பாதைக்கு வலப்புறம் திறந்திருப்பதால் பந்தின் சுழற்சி அச்சு சாய்ந்துவிடுகிறது. எந்தப் பந்தும் அந்தச் சாய்வை நீக்காது. சுழற்சி குறைந்த பந்தில் வளைவு ஓரளவு மட்டுப்படும், அவ்வளவுதான். வளைவைத் தானே திருத்தும் பந்தொன்று 1970களில் பொலாரா என்ற பெயரில் வந்தது உண்மை. அதன் மேற்பரப்பிலுள்ள குழிவுகள் எல்லாப் பக்கமும் ஒரே ஆழத்தில் இருக்கவில்லை. 1981இல் சமச்சீர் விதி கொண்டுவரப்பட்டு அத்தகைய பந்துகள் விதிக்குப் புறம்பானவையாகிவிட்டன.

நீங்கள் கொடுக்கும் காசு உண்மையில் மேலுறைக்குத்தான் போகிறது, அந்த மேலுறை பேசுவது, கிரீனருகே பாவிக்கும் முகம் சாய்ந்த மட்டையான வெட்ஜில்தான். முதல்தரப் பந்துகளின் மேலுறை யூரிதேன்; தடிப்பில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவானது, மென்மையானது. மலிவான பந்துகளின் மேலுறை சேர்லின் போன்ற அயனோமர் வகை. கடினமானது, கீறல் தாங்குவது. வெட்ஜின் முகம் சாய்ந்து வந்து பந்தைத் தொடும் அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கும் குறைவான நேரத்தில், மெல்லிய யூரிதேன் உறை கீழேயுள்ள கடினமான அடுக்குக்கும் வெட்ஜின் பள்ளங்களுக்கும் இடையில் நெரிபட்டுப் பள்ளங்களைப் பற்றிக்கொள்கிறது. அதனால் பந்து தாழ்வாகப் புறப்பட்டு, நிறைந்த பின்சுழற்சியோடு போய், இரண்டாம் துள்ளலில் தயங்கி நிற்கிறது. அயனோமர் உறையோ முகத்தில் சற்று வழுக்கிச் சென்று, உயரமாகக் கிளம்பி, சுழற்சி குறைவாகி, விழுந்த பின் தொடர்ந்து உருள்கிறது. புதிய வெட்ஜால் யூரிதேன் பந்துகளைச் சிறிது நேரம் அடித்துவிட்டு அதன் முகத்தைப் பாருங்கள். பள்ளங்களில் வெள்ளைத் துகள் அடைந்திருக்கும், பந்திலும் நூல் நூலாக உரிந்த தடம் தெரியும். அந்தப் பிடிமானத்துக்குத்தான் விலை.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டுவரை தொழில்முறை ஆட்டக்காரர் பலர் நூலிரப்பர் சுற்றிய, பலாட்டா என்னும் மென்மையான பொருளால் உறையிட்ட பந்தைப் பாவித்தனர். அது நன்றாகச் சுழலும், ஆனால் ஒரு தவறான அடியிலேயே வெட்டுப்பட்டுவிடும். ஏனையோர் கடினமான இரண்டு அடுக்குப் பந்தை வைத்துக்கொண்டு தூரம் மட்டும் பெற்றனர். 2000 ஒக்டோபரில் லாஸ் வேகஸ் போட்டியில் புரோ வி1 களமிறங்கிய பின்னர்தான், டிரைவரில் குறைந்த சுழற்சியையும் வெட்ஜில் நிறைந்த சுழற்சியையும் ஒரே பந்தில் பெறுவது பொதுவழக்கமாயிற்று. ஆகவே கிரீனைச் சுற்றித்தான் அடிகள் வீணாகின்றன என்று எழுதியிருக்கும் உங்களுக்கு, யூரிதேன் உறையிட்ட பந்து கட்டாயம் பயன் தரும் என்பதே என் கருத்து.

வடமராட்சியான் எழுதியது:

வாசன் ஐயாவின் விளக்கத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அவருடைய முடிவோடு நான் உடன்படவில்லை. ஒரு பந்து கிரீனருகே நின்று கொடுக்கும் நன்மையைப் பெற வேண்டுமென்றால், அது கிரீன்வரை வந்துசேர வேண்டும். வலப்புறம் வளையும் டிரைவரோடு ஆடுபவர் ஒரு சுற்றில் மூன்று, நான்கு பந்துகளைப் பற்றைக்கும் தண்ணீருக்கும் கொடுத்துவிடுவது வழக்கம். முதல்தரப் பந்தென்றால் அன்றைக்கு மட்டும் நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் போய்விடும்.

காசைவிடப் பெரிய இழப்பு மனத்தில் நிகழ்கிறது. விலை கூடிய பந்தைத் தண்ணீருக்கு மேலாக அடிக்க நிற்பவரின் கைகள் இறுகிவிடுவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். பந்தைக் காப்பாற்றும் எண்ணம் வந்தவுடன் வீச்சு பாதியில் நின்றுவிடுகிறது, பந்து தண்ணீருக்கே போகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பின்சுழற்சி என்பது பந்தைச் சுத்தமாக, அதற்குரிய வேகத்தோடு அடிப்பவருக்கே முழுதாகக் கிடைக்கும். சிப் அடிக்கும்போது ஒருமுறை மண்ணையும் மறுமுறை பந்தின் தலையையும் தட்டுபவரின் கையில் யூரிதேனும் அயனோமரும் ஒரே விதமாகத்தான் நடந்துகொள்ளும். ஆதலால் முதலில் சிப் அடி சீராகட்டும்; அதுவரை நடுத்தர விலைப் பந்தில் ஒரே வகையைத் தேர்ந்து, அதை மட்டுமே பாவியுங்கள். இன்று ஒன்று, நாளை வேறொன்று என்று கண்டெடுத்த பந்துகளையெல்லாம் மாற்றி மாற்றி அடிப்பவருக்கு, விழுந்த பந்து எவ்வளவு உருளும் என்ற கணக்கு ஒருபோதும் கையில் படியாது. இந்த ஒன்றை மட்டும் ஆரம்ப ஆட்டக்காரர் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்.

ஸ்காபரோ சுதா எழுதியது:

வணக்கம். நான் இங்கே பல கோடைகாலமாக ஆடிவருகிறேன். எனது வீச்சு வேகம் தம்பியுடையதைவிடக் குறைவு. அந்தக் கோணத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

மெதுவாக வீசுபவருக்கு மென்மையான பந்துதான் பொருந்தும், கடினமான பந்தை அவரால் நெரிக்க முடியாது என்று விற்பனை நிலையங்களில் சொல்லுவார்கள். அதை நம்பி வாங்க வேண்டாம். பந்தின் கரு மென்மையாகும்போது அது புறப்படும் வேகம் சற்றுக் குறைவதுதான் வழக்கம். மெதுவான வீச்சில் அந்த வித்தியாசம் சிறிது என்றாலும், மென்மையால் தூரம் கூடுவதில்லை. மென்மையான பந்து, கிரீனில் பந்தை உருட்டும் மட்டையான பட்டரில் இதமான ஒலி தரும்; அந்த ஒலி பிடித்திருந்தால் அதற்காக வாங்கலாம், அது நியாயமான காரணம்தான். ஆனால் அயர்ன் என்னும் இடைத்தூர மட்டைகளால் அடிக்கும்போது சுழற்சி குறைந்த பந்து எங்களைப் போன்றவர்களுக்குப் போதிய உயரத்துக்கு எழும்பாது. தட்டையாக வந்து விழுந்து கிரீனைக் கடந்து ஓடிவிடும். வேகமாக அடிப்பவர் உயரத்தாலேயே பந்தை நிறுத்திவிடுவார். எங்களுக்கு அந்த உயரம் இல்லை, ஆகையால் சுழற்சியின் துணை எங்களுக்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது. இதைத் தொழில்முறை ஆட்டக்காரருக்குரிய ஆடம்பரமென்று ஒதுக்கிவிடுவது சரியென்று எனக்குப் படவில்லை.

வடமராட்சி அண்ணா சொன்ன செலவுக் கணக்கும் உண்மையே. ஆனால் அதற்கு விடையாக இப்போது இடைப்பட்ட விலையில் மூன்று அடுக்கு யூரிதேன் பந்துகள் வருகின்றன. ஸ்ரிக்சன் கியூ-ஸ்டார் டுவர், டெய்லர்மேட் டுவர் ரெஸ்பொன்ஸ் இரண்டும் அந்த வகை. கொஸ்ட்கோ நிறுவனம் 2016இல் கேர்க்லண்ட் சிக்னேச்சர் என்ற பெயரில் நான்கு அடுக்கு யூரிதேன் பந்தை இரண்டு டசின் 29.99 அமெரிக்க டொலருக்கு விற்றபோது, கையிருப்பு வந்தவுடனேயே தீர்ந்துபோயிற்று. பின்னர் அதே பெயரில் மூன்று அடுக்குப் பந்து வந்தது. யூரிதேன் உறை என்றாலே எட்டாத விலை என்ற நிலை அதோடு மாறிவிட்டது.

ஏரிகளிலிருந்து எடுத்து விற்கும் பழைய பந்துகளையும் இங்கே பலர் வாங்குகிறார்கள். கழுவி, தரம் பிரித்து, மேற்பூச்சைத் தொடாமல் விற்பவை பரவாயில்லை. புதிதாகப் பூச்சிட்டு, எழுத்துப் பொறித்து விற்பவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பூச்சு ஏறினால் குழிவுகளின் ஆழம் மாறிவிடும், பந்து நேராகப் பறப்பதும் உயர்ந்தெழுவதும் அந்தக் குழிவுகளால்தான். அதோடு நீரில் எவ்வளவு காலம் கிடந்ததென்பதும் வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை.

கொக்குவிலான் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. யூரிதேன் உறை, இடைப்பட்ட விலை என்ற அளவுக்கு மனம் தெளிந்துவிட்டது. இரண்டு ஐயங்கள் மட்டும் மீதமுள்ளன. நுவரெலியாவில் புல் அநேகமாக ஈரமாகவே இருக்கிறது. அங்கேயும் இந்தப் பந்து இதே விதமாக நிற்குமா? மற்றது, எனக்கு எது பொருந்துமென்பதை நானாகச் சோதித்தறிய ஏதும் வழி உண்டா? எங்கள் வளவிலுள்ள புல் கிரீனைப் போன்றதல்ல.

திருமலை வாசன் எழுதியது:

ஈரத்தில் எந்தப் பந்தும் அதே விதமாக நிற்காது, தம்பி. வெட்ஜின் முகத்துக்கும் பந்துக்கும் இடையில் நீரோ புல்லோ அகப்பட்டால், கரம் பலகையில் மாத் தூவியதும் காய் வழுக்கி ஓடுவது போன்ற நிலைதான். பந்து உயரமாகக் கிளம்பும், சுழற்சி பெரிதும் குறையும். யூரிதேன் பந்து அயனோமரைவிடச் சற்று அதிகமாகத் தாக்குப்பிடிக்குமேயன்றி, உலர்ந்த புல்லில் காட்டும் பிடிமானத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஒவ்வோர் அடிக்கும் முன்னர் வெட்ஜின் முகத்தைத் துவாயால் துடைத்துப் பள்ளங்களைச் சுத்தமாக வைத்திருப்பது, பந்தின் விலையைக் கூட்டுவதைவிட அங்கே அதிகம் உதவும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி குறைந்து, பந்து கடலோரத்தில் போவதைவிடச் சில விழுக்காடு கூடுதலாகப் போகும் என்பதையும் நினைவில் வைத்து அயர்னைத் தெரிவுசெய்யுங்கள். ஆயினும் குளிரான காலையில் பந்தின் துள்ளல் குறைந்து அதில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

சோதனையைச் சீனக்குடாவுக்கு வரும்போது பயிற்சிக் கிரீனில் செய்யலாம். டிரைவரிலிருந்து தொடங்காமல் கிரீனிலிருந்து பின்னோக்கி வாருங்கள். முதலில் நீளமான பட் அடிகள். ஒலியும் தொடுகையும் கைக்குப் பிடிக்காத பந்தை அங்கேயே நீக்கிவிடலாம். பிறகு கிரீனின் ஓரத்திலிருந்து ஒரே வெட்ஜால், ஒரே இலக்குக்கு, வெவ்வேறு வகைப் பந்துகளை மாறி மாறி அடியுங்கள். ஒரே வகையைத் தொடர்ச்சியாக அடித்தால் கை பழகிப்போவது பந்தின் குணமாகத் தோன்றிவிடும். பந்து முதலில் விழுந்த இடத்தை நண்பர் ஒருவர் குறித்துக்கொண்டு, அங்கிருந்து நிற்குமிடம்வரை காலடியால் அளக்கட்டும். தவறாகப் பட்ட அடியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வகைகளுக்கிடையே உருளும் தூரத்தில் தெளிவான வித்தியாசம் தெரிந்தால் யூரிதேனுக்குக் கொடுக்கும் காசு தகும். தெரியாவிட்டால், வடமராட்சி நண்பர் சொன்னபடி சிப் அடி சீராகும்வரை மலிவானதே போதும். இதில் அவருடைய பக்கம் நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்காபரோ சுதா எழுதியது:

அப்படியானால் அண்ணாவிடம் டசின் கணக்கில் வாங்க வேண்டாமென்று சொல்லுங்கள், தம்பி. மூன்று பந்துகள் கொண்ட சிறு பெட்டிகளாகவும் கடைகளில் விற்கிறார்கள். புரோ வி1இல் ஒரு பெட்டி, கியூ-ஸ்டார் டுவர் அல்லது டுவர் ரெஸ்பொன்ஸில் ஒரு பெட்டி, சொஃப்ட் ஃபீலில் ஒரு பெட்டி என்று ஒன்பது பந்துகள் அவருடைய பயணப்பெட்டியில் இடமும் பிடிக்காது, வாசன் ஐயா சொன்ன சோதனைக்கும் போதும். எதுவென்று முடிவானதும் நத்தார் விடுமுறைக்கு வருபவர் யாரிடமாவது அந்த வகையில் இரண்டு டசினை அண்ணா கொடுத்து அனுப்பலாம். வந்த பந்துகளை வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுவைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள். சாதாரண அறை வெப்பத்தில் அவை ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும்.