மறைபக்கமா, பின்கட்டா? உலாவியின் உள் முகவரிகளுக்கு ஒரு பெயர்

நண்பர்களுக்கு வணக்கம்.

உலாவியின் முகவரிப் பட்டையில் அபௌட்:கான்ஃபிக், அபௌட்:மெமரி, குரோம்://ஃபிளாக்ஸ் என்றெல்லாம் தட்டினால், உலாவியின் சொந்த அமைப்புகளையும் நிலையையும் காட்டும் பக்கங்கள் திறக்கும். அவற்றுக்குப் பொதுப்பெயராக ‘மறைபக்கம்’, ‘அகப்பக்கம்’, ‘உட்பக்கம்’ என்று இங்கே வந்த மூன்று பரிந்துரைகளையும் படித்தேன். ‘மறைபக்கம்’ என்பதற்கு ஆதரவு கூடிவருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதலில், இவை மறைத்து வைத்தவை அல்ல. ஃபயர்ஃபாக்ஸில் அபௌட்:அபௌட் என்று தட்டினால் பட்டியலே வந்துவிடும். குரோமில் அதற்கு குரோம்://குரோம்-யுஆர்எல்ஸ். நாம் எல்லாரும் திறக்கிற சாதாரண அமைப்புகள் பக்கம்கூட ஃபயர்ஃபாக்ஸில் அபௌட்:பிரிஃபரன்சஸ் என்ற முகவரியில்தான் இருக்கிறது. அபௌட்:சப்போர்ட் பக்கத்துக்கு உதவிப் பட்டியிலிருந்தே போகலாம். ‘மறை’ என்று பெயர் வைத்தால், ஏதோ செய்யக்கூடாததைச் செய்கிறோம் என்று புதியவர் தயங்குவார். உலாவி அடிக்கடி முடங்குகிறது என்று உதவி கேட்பவரிடம் நாம் முதலில் திறக்கச் சொல்வதே அபௌட்:சப்போர்ட் பக்கத்தைத்தான். அங்கே உள்ள விவரங்களை ஒரே சொடுக்கில் நகலெடுத்து அனுப்பிவிடலாம். அப்படிப்பட்ட இடத்துக்கு அச்சமூட்டும் பெயர் வேண்டாம்.

சரி, இவற்றை மற்றப் பக்கங்களிலிருந்து உண்மையில் பிரிப்பது எது? இவை எந்தத் தளத்திலிருந்தும் வருவதில்லை. உலாவியே தனக்குள்ளிருந்து உருவாக்கிக் காட்டுகிறது. இணையத்தைத் துண்டித்துவிட்டாலும் திறக்கும். ‘அபௌட்’ முகவரி முறையை வரையறுத்த ஆர்.எஃப்.சி. 6694 (2012) என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமும் இவற்றைச் செயலிக்கு உள்ளேயான வளங்கள் என்றே பார்க்கிறது. வெற்றுப் பக்கமான அபௌட்:பிளாங்க் எல்லா உலாவிக்கும் பொது. மற்றவை அந்தந்த உலாவியின் சொந்த ஏற்பாடு.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். அபௌட்:கான்ஃபிக், குரோம்://ஃபிளாக்ஸ் போன்றவற்றுக்கு ஒரு வலைத்தளம் இணைப்புக் கொடுத்தாலும், அதைச் சொடுக்கினால் திறக்காது. உலாவி மறுத்துவிடும். பயனரே முகவரியைத் தட்டவேண்டும், இல்லையென்றால் ஒட்டவேண்டும். இந்தத் தடை இல்லாவிட்டால், வழியில் போகிற எந்தத் தளமும் ஆளை நேராக உள்ளமைவுக்கு, அதாவது உலாவியின் நுண் அமைப்புகளுக்கு, இழுத்துப்போய், எதையாவது மாற்றவைக்க முயலும்.

இந்த இரண்டையும் ஏந்துகிற சொல் ஏற்கெனவே நம் வீடுகளில் இருக்கிறது: பின்கட்டு. வந்தவர்கள் திண்ணையிலும் முன்கட்டிலும் இருப்பார்கள். பின்கட்டுக்கு வீட்டார் போவார்கள். அது ஒளிவிடமும் அல்ல; வீட்டின் அன்றாட வேலை பாதி அங்கேதான் நடக்கும். ஆகவே என் பரிந்துரை ‘பின்கட்டுப் பக்கம்’.

‘அகப்பக்கம்’ அழகான சொல்தான். ஆனால் மலேசியத் தமிழில் அது வலைத்தளத்தையே குறிக்கிறது. அங்குள்ள வாசகரிடம் ‘உலாவியின் அகப்பக்கம்’ என்றால், அந்த உலாவியை உருவாக்கியவர்களின் தளம் என்றுதான் புரிந்துகொள்வார். ‘உட்பக்கம்’ நாளிதழ்க்காரர்களின் சொல். வலைத்தள வடிவமைப்பிலும் முகப்பு தவிர்த்த பக்கங்களுக்கு அது பொருந்திப் போகும். ‘பின்முனை’யோடு (பேக்எண்ட்) குழம்பாதா என்று கேட்கலாம். பின்முனை, தளத்தை அனுப்பும் வழங்கிக் கணினியில் ஓடும் நிரலைக் குறிக்கிறது. பின்கட்டு பயனரின் கணினியிலேயே இருப்பது. வேறு இடம், வேறு சொல்.

பொதுப்பெயருக்குள் வகைப்பெயர்களும் வேண்டும். அபௌட்:கான்ஃபிக்குக்கு ‘உள்ளமைவுப் பக்கம்’ என்பதில் இங்கே யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. தமிழ் எழுத்துருவை மாற்றும் ஃபான்ட்.நேம்.செரிஃப்.டிஏ என்ற வரி அங்கே இருக்கிறது. மாற்றிய வரிகள் தடித்த எழுத்தில் தெரியும், பழையபடி மீட்கவும் வழி உண்டு. மாற்றங்களெல்லாம் பயனரின் சுயவிவரக் கோப்புறையில் பிரிஃப்ஸ்.ஜேஎஸ் கோப்பில் பதிவாகின்றன.

அப்புறம் அபௌட்:மெமரி, அபௌட்:பிராசஸஸ், குரோம்://ஜிபியு வகையறா. இவற்றுக்கு ‘பழுதறி பக்கம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பழுது இருந்தால்தான் பார்க்கவேண்டும் என்பதில்லையே. எந்தத் தாவல் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருக்கிறது என்று சும்மாவும் பார்க்கலாம். ‘நிலையறி பக்கம்’ என்றால் இரண்டுக்கும் சரியாக இருக்கும்.

குரோம்://ஃபிளாக்ஸை ‘கொடிகள்’ என்று மொழிபெயர்ப்பதைக் கட்டாயம் கைவிட வேண்டும். நிரலாளர் வழக்கில் ஃபிளாக் என்பது ஒரு வசதியை இயக்கவும் அணைக்கவும் உள்ள குறி. தமிழில் கொடி என்றதும் கம்பத்துக் கொடியோ முல்லைக்கொடியோதான் நினைவுக்கு வரும். அந்தப் பக்கத்தின் தலைப்பே ‘பரிசோதனைகள்’ என்ற பொருளில்தான் இருக்கிறது. ‘சோதனை வசதிகள்’ என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் பல சில பதிப்புகளுக்குப் பிறகு நீக்கப்பட்டுவிடும். பழைய கட்டுரையைப் பார்த்துத் தேடுபவருக்கு அது ஏன் காணோம் என்பதும் இந்தப் பெயரிலேயே விளங்கிவிடும்.

முகவரிகளை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். நம் உதவிக் குறிப்புகளில் முகவரியை ஆங்கில எழுத்தில் தனி வரியாக, அப்படியே நகலெடுத்து ஒட்டும்படி கொடுப்போம். விளக்கம் முழுவதும் தமிழில் இருக்கட்டும். ‘பின்கட்டுப் பக்கம்’ வேண்டாம் என்பவர்கள், மேலே சொன்ன இரண்டு பண்புகளையும் தாங்குகிற வேறு சொல்லோடு எழுதுங்கள். அது பொருத்தமாக இருந்தால் என் பரிந்துரையை விலக்கிக்கொள்கிறேன்.