மூடி அடுக்கும் மகனோடு தரையில் உட்கார்ந்த கதை

பையனுக்கு ஆட்டிசம் என்று சொன்னபோது இரண்டே முக்கால் வயது. இப்போது ஐந்து முடிந்துவிட்டது. "குழந்தை இஷ்டத்துக்கு விட்டால் அது தெரபியா, சும்மா விளையாட்டா?" என்று பலரும் கேட்கிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

முதலில் போன சென்டரில் (பெயர் வேண்டாம்) சின்ன நாற்காலியில் உட்கார வைத்து, முகவாயைப் பிடித்துத் திருப்பி "என்னைப் பாரு" என்பார்கள். பார்த்தால் ஒரு சாக்லேட். மூன்று மாதத்தில் அவன் கற்றுக்கொண்டது, அந்தத் தெருமுனை வந்ததுமே அழ ஆரம்பிப்பதுதான்.

அப்புறம் ஒரு தெரபிஸ்ட் மேடம் கிடைத்தார். முதல் நாள் அவனைக் கூப்பிடவே இல்லை. அவன் சுவரோரம் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். மேடம் கொஞ்சம் தள்ளித் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் தன் பங்குக்கு ஒரு மூடியை வைத்தார். எடுத்து எறிந்தான். இன்னொன்று வைத்தார். அதையும் எறிந்தான். மூன்றாவதை வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அவன் மூடியைப் பார்த்தான், கையைப் பார்த்தான், அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தான். மூன்று மாதச் சாக்லேட்டுக்கு வராத பார்வை.

சில வாரத்தில் விளையாட்டு வளர்ந்தது. அடுத்த மூடி வர வேண்டிய இடத்தை மேடம் உள்ளங்கையால் மறைப்பார். அவன் விரல் விரலாகப் பிரிப்பான். "அச்சச்சோ" என்று கையை எடுத்துவிட்டுத் திரும்பவும் மறைப்பார். அவன் ஒன்று செய்ய, நாம் அதற்குப் பதிலாக ஒன்று செய்ய, அதற்கு அவன் பதில் தந்தால் ஒரு வட்டம் மூடியது என்று கணக்கு. எத்தனை வட்டம் அறுந்துபோகாமல் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். ஃப்ளோர்டைம் என்று பெயர். அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர் ஸ்டான்லி கிரீன்ஸ்பான், செரீனா வீடருடன் சேர்ந்து உருவாக்கிய முறை. எதை விளையாடுவது என்பது அவன் இஷ்டம். அதற்குள் எப்படி நுழைவது என்பது நம் பாடு.

வீட்டுப்பாடம் எனக்குத்தான். ஒரு தடவைக்கு 20 நிமிடம், ஒரு நாளில் பல தடவை, போனைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில். கேள்வி கேட்கக் கூடாது. இதில்தான் எனக்கு உயிர் போனது. "இது என்ன கலர்? எத்தனை இருக்கு? சொல்லு, சொல்லு" என்று வாயில் தானாக வந்துவிடும். ஒரு நாள் வீட்டுக்காரர் வீடியோ எடுத்தார். நான்கு நிமிடத்தில் 31 கேள்வி! ஒன்றுக்கும் அவன் திரும்பவில்லை. அவன் இடத்தில் நானும் திரும்பியிருக்க மாட்டேன்.

யாரும் சொல்லித்தராமலே இது வந்தது என் மாமியாருக்கு. அவன் உள்ளங்கையில் முழங்கையை ஊன்றி "பருப்பு கடை, பருப்பு கடை" என்று கடைந்து, அம்மாவுக்கு, அப்பாவுக்கு என்று பங்கு வைத்து, "நண்டு ஊருது, நரி ஊருது" என்று விரல்கள் கையில் ஏறும். அக்குளுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்திவிட்டு அவர் பாட்டுக்கு வெற்றிலை மெல்லுவார். அவன் பொறுக்கமாட்டாமல் அவர் விரலைப் பிடித்து இழுப்பான். ஒரு நாள் "ஊது" என்றான். 'ஊருது'தான்! மேடத்திடம் சொன்னேன். "பாட்டியை எனக்கு அசிஸ்டென்ட்டா அனுப்புங்க" என்றார்.

பேச்சுப் பயிற்சியையும், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியையும் நாங்கள் நிறுத்தவில்லை. விளையாட்டு மட்டுமே போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

* * *

மேலே உள்ள பதிவைப் படித்த இன்னொரு அப்பா நான். என் மகளுக்குச் செரிப்ரல் பால்சி, அதாவது மூளை பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் வராத நிலை. எட்டி எடுக்கவே முடியாத குழந்தையின் போக்கில் எப்படிப் போவது என்று குழம்பினேன். அவள் கண் போகும் இடத்துக்குப் போங்கள் அப்பா என்றார் தெரபிஸ்ட். அவள் பார்ப்பது சுவரில் விழும் ஜன்னல் நிழலை. நான் அந்த வெளிச்சத்தில் விரலால் நாய் காட்டினேன். நிறுத்தினால் "ம்ம்" என்பாள், ஆனால் அதற்குப் பத்துப் பதினைந்து வினாடி ஆகும். முன்பெல்லாம் அந்த நேரத்துக்குள் நான்கு பொம்மையை மாற்றியிருப்பேன். செலவுக்குப் பயப்படுகிறவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் டிஇஐசி (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மையம்) எங்கே என்று கேளுங்கள். அங்கே தெரபிக்குக் கட்டணம் கிடையாது.

* * *

நான் வேறொரு அம்மா. இந்த ஃப்ளோர்டைம் எங்களுக்குப் பாதிதான் ஒத்துவந்தது. ஏழு வயதுப் பையன், கதவைத் திறந்து மூடுவதுதான் அவன் விளையாட்டு. நானும் கூடவே 40 நிமிடம் திறந்து மூடினேன், முதுகு பிடித்ததுதான் மிச்சம். டாய்லெட் பழக்கம், பல் தேய்ப்பது எல்லாம் படம் ஒட்டிய சார்ட் வைத்து வரிசையாகச் சொல்லிக்கொடுத்துத்தான் வந்தது. ரோட்டில் ஓடுகிறவனிடம் அவன் போக்கு, என் போக்கு என்று பார்க்க முடியுமா?

* * *

முதல் பதிவு போட்டவள்தான். ரோடு, டாய்லெட் இரண்டும் எங்களுக்கும் சார்ட்தான் அக்கா. கதவுக்கு மட்டும் ஒன்று: கூடவே நின்று திறக்காமல் அந்தப் பக்கம் போய் நின்று தட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் பாத்ரூம் கதவில் அப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது நான் குளிக்கப் போனால் அவன் வந்து தட்டுகிறான். "யாரு?" என்று கேட்கும்வரை விடுவதில்லை.