1/48 ஸ்பிட்ஃபயர் மார்க் 9: சீட் பெல்ட், பிரேக் குழாய், ஆன்டெனா கம்பி

கேள்வி (இறக்கை48):
எடுவார்ட் கம்பெனியின் 1/48 அளவு (நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடல் கட்டுகிறேன்: இரண்டாம் உலகப்போர் விமானம் ஸ்பிட்ஃபயர் மார்க் 9, கூடுதல் பாகங்கள் இல்லாத வீக்கெண்ட் பெட்டி. அதில் எட்ச் தகடு (நுண்ணிய பாகங்கள் அரித்தெடுத்த மெல்லிய உலோகத் தகடு) வராததால் பித்தளை பெல்ட் செட் தனியாக வாங்கினேன், பெயின்ட் அடிக்காதது. வளைத்தால் ஸ்பிரிங் மாதிரி நிமிர்ந்துவிடுகிறது, சீட்டில் படியவே மாட்டேன் என்கிறது. சக்கரக் காலில் பிரேக் குழாய்க்கு எந்தத் தடிமன் கம்பி போடலாம்? ஆன்டெனா கம்பத்திலிருந்து வாலுக்கு நூல் இழுக்க எது நல்லது?

பதில் (பித்தளைத்தகடு):
வெறும் பித்தளை என்பதால் சூடு காட்டலாம். பெல்ட்டைச் சுற்றியுள்ள தகட்டு ஃப்ரேமிலிருந்து வெட்டாமல், ஃப்ரேமின் ஓரத்தை இடுக்கியால் பிடித்து கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் ஓரிரு நொடி காட்டுங்கள். நிறம் மாறியதும் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் மெல்லிய பக்கிள் உருகிப்போகும். மெழுகுவத்தி வேண்டாம், கரி படியும். ஆறியதும் வினிகரால் துடைத்தால் மேலே படிந்த கறுப்பு போய் பசையும் பிரைமரும் நன்றாகப் பிடிக்கும். (ஏற்கெனவே பெயின்ட் அடித்து வரும் செட்டைச் சூடாக்கவே கூடாது.)

வெட்டுவதை டைல் துண்டின் மேல் வைத்து வெட்டுங்கள். கட்டிங் மேட் அமுங்கும், அதனால் பிளேடுக்குக் கீழே தகடு வளைந்துவிடும். வளைக்கும் வேலையெல்லாம் பெயின்ட்டுக்கு முன்னாலேயே முடியணும், பிறகு வளைத்தால் மடிப்பில் பெயின்ட் உரியும். தோள்பட்டைப் பட்டைகள் இரண்டும் சீட்டின் முதுகுக்கு மேலே ஏறிப் பின்னால் போகணும். தொடைப் பட்டைகள் சீட்டின் விளிம்பில் தொங்கினால்தான் துணி மாதிரி தெரியும். ஒட்டுவதற்கு ஜெல் சூப்பர் குளூ, ஊசி முனையில் ஒரு புள்ளி போதும்.

பதில் (ஊசிமுனை):
பிரேக் குழாய்க்குக் கணக்கு சுலபம்: நிஜத்தில் 12 மி.மீ. குழாய் என்றால் 48-ஆல் வகுக்க 0.25 மி.மீ. 0.5 போட்டால் நிஜத்தில் 24 மி.மீ. ஆகிவிடும், தீயணைப்பு ஹோஸ் மாதிரி தெரியும். 0.75 சதுர மி.மீ. ஒயரை உரித்தால் உள்ளே 0.2 மி.மீ. செம்பு இழைகள் கிடைக்கும், அதுவே போதும். ஈயக் கம்பி இன்னும் அழகாக வளையும், ஆனால் தொட்டபின் கை கழுவுங்கள்.

குழாயைச் செருகும் துளைக்கு 0.3 மி.மீ. ட்ரில் பிட். முதலில் ஊசியால் ஒரு குழி குத்துங்கள், இல்லாவிட்டால் பிட் வழுக்கி ஒடியும். கை ட்ரில்லில் அழுத்தாமல் சுற்றினால் போதும். குழாயைக் காலோடு பிடிக்கும் கிளிப்புக்குச் சமையல் அலுமினியத் தாளை அரை மி.மீ. அகலத்தில் வெட்டிச் சுற்றுங்கள். மாஸ்கிங் டேப் நாளடைவில் எழும்பிக்கொள்ளும். ஸ்பிட்ஃபயரில் பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது, அதனால் காலுக்கு ஒரே ஒரு குழாய்தான், இரண்டாவது வேண்டாம். எந்தப் பக்கமாக இறங்குகிறது என்பதைப் போர்க்காலப் படத்தில் பாருங்கள். இன்று பறக்கும் விமானங்களில் ஹோஸ் மாறியிருக்கலாம்.

பதில் (நீலவான்):
வாலுக்கு நூலே இழுக்காதீர்கள். மார்க் 9-இல் வி.எச்.எஃப். (மிக உயர் அலைவரிசை) ரேடியோ, கம்பமே ஆன்டெனா. மார்க் 1-இன் பழைய படங்களில் பார்க்கும் கம்பி இதில் கிடையாது. தொடக்க கால விமானம் என்றால் உடலின் இரு பக்கங்களிலிருந்து வால் இறக்கை முனைகளுக்கு ஐ.எஃப்.எஃப். (நம் விமானமா எதிரியா என்று ரேடாருக்குக் காட்டும் கருவி) கம்பி உண்டு. பிந்தியதில் அதற்குப் பதில் வலது இறக்கையின் அடியில் ஒரு குச்சி. நீங்கள் கட்டுவது எந்த விமானம் என்று சீரியல் எண்ணைச் சொல்லுங்கள்.

இறக்கை48:
பிந்தியதுதான், 1944. அப்போ குச்சி மட்டும். கண்ணாடி மூடியையும் ஜெல் பசையிலேயே ஒட்டலாமா?

நீலவான்:
வேண்டாம். சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும், துடைத்தாலும் முழுசாகப் போகாது. வெள்ளைப் பி.வி.ஏ. பசை போடுங்கள். அதுவும் காக்பிட்டில் போட்ட பசையின் ஆவி அடங்க ஒரு நாள் திறந்து வைத்த பிறகு.