பாரிஸ் தெருக்களை ஏன் மாடியிலிருந்தே வரைந்தார்கள்?

தூரிகை:
மோனே, பிஸாரோ வரைந்த பாரிஸ் தெருப் படங்கள் பலவும் மேலேயிருந்து கீழே பார்க்கிற மாதிரியே இருக்கின்றன, ஆட்கள் எறும்பு சைஸில் தெரிகிறார்கள். இவர்களைப் போன்ற இம்ப்ரஷனிஸ்டுகள், அதாவது ஒளியின் கணநேரத் தோற்றத்தைப் பிடிக்க முயன்ற 19ஆம் நூற்றாண்டு ஓவியர்கள், வெளியில் போய் நின்று வரைந்தவர்கள் என்றுதானே படிக்கிறோம், அப்புறம் தெருவுக்கு மட்டும் ஏன் ஜன்னல்?

மைக்கூடு:
பிஸாரோவுக்குக் கண்தான் காரணம். அடிக்கடி அழற்சி வரும் என்பதால் காற்று, தூசி படாமல் இருக்கவேண்டிய நிலை. 1897இல் ஓட்டல் அறை எடுத்து, அந்த ஜன்னலிலிருந்து தெரிந்த மோன்மார்த்ர் சாலையை மட்டும் 14 படங்களாக வரைந்தார். அதில் இரவுக் காட்சி ஒன்றே ஒன்று, லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஈரத் தரையில் கடை வெளிச்சம் மஞ்சளாகக் கரைந்து கிடக்கும், நடுவில் தெருவிளக்குகள் வெள்ளையாக. அதில் அவர் கையெழுத்துகூடப் போடவில்லை!

மோனே கப்புசின் சாலையை வரைந்தது புகைப்படக்காரர் நடாரின் ஸ்டூடியோவிலிருந்து. 1874இல் இம்ப்ரஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சி நடந்ததும் அதே ஸ்டூடியோவில்தான். கீழே நடக்கிறவர்கள் வெறும் கறுப்புத் தீற்றல்கள். நான் நடந்தால் இப்படியா இருப்பேன் என்று தன் கட்டுரையில் ஒரு கற்பனைப் பாத்திரத்தைக் கேட்கவைத்துக் கேலி செய்தார் விமர்சகர் லூயி லெருவா. எனக்கென்னவோ, கூட்டம் நகர்வதை அந்தத் தீற்றல்களைவிட நன்றாக யாரும் காட்டியதில்லை.

வடக்குவாசல்:
ஊரே மாறியிருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1853 முதல் பாரிஸ் நிர்வாகி ஓஸ்மான் பழைய சந்துகளை இடித்து அகலமான நேர்ச்சாலைகள் போட்டார், இருபுறமும் பால்கனி வைத்த உயரமான வீடுகள் வந்தன. அப்படியொரு அகலம் இல்லாவிட்டால் மாடியிலிருந்து பார்த்தும் பயனில்லை.

ஆனால் எல்லாரும் மாடியேறவில்லை. இன்னொரு இம்ப்ரஷனிஸ்ட் ஓவியரான கைபோத் 1877இல் வரைந்த மழைநாள் தெருவைப் பாருங்கள், சிகாகோவில் இருக்கிறது, 2 மீட்டருக்கு மேல் உயரம். மழைக்கோடு ஒன்றுகூடக் கிடையாது, பாவுகற்களின் பளபளப்பிலேயே மழை தெரிந்துவிடும். வலது ஓரத்தில் முதுகு காட்டிப் போகிறவர் பாதியில் வெட்டுப்பட்டிருப்பார், எதிரே வரும் ஜோடிக்கு நாமே குடையைச் சாய்த்து வழிவிட வேண்டும்போல் இருக்கும்.

தூரிகை:
சரி, அப்போது ரெனுவார்? பான் நெஃப் பாலம் படத்தில் ஆட்கள் தனித்தனியாகத் தெரிகிறார்களே?

மைக்கூடு:
அதுவும் மாடியிலிருந்து வரைந்ததுதான், 1872. தம்பி எட்மோன் கீழே போய், நடப்பவர்களை நிறுத்தி ஏதாவது கேட்டுப் பேச்சுக் கொடுப்பார். அவர்கள் நின்று பதில் சொல்லும் நேரத்தில் மேலே அண்ணன் வரைந்துவிடுவார். தொப்பி போட்டுக் கைத்தடியோடு நிற்பவர் அந்தத் தம்பிதான், படத்தில் இரண்டு இடத்தில் வருகிறார், தேடிப் பாருங்கள்.