வீட்டார் குழு: பெரியப்பாவின் துவக்கும் தோள்மூட்டும்

பெரியப்பா: இரவு வயலுக்குள் பன்றி இறங்கிவிட்டது. வெடி வைத்த உதைப்பில் தோள்மூட்டு கன்றிப் போய் நோகிறது. கனடாத் தம்பி, அங்கே துவக்கின் பிடங்குக்குள், அதுதான் தோளில் வைக்கிற மரப்பகுதிக்குள், ஏதோ குழாய் வைத்து உதைப்பைக் குறைக்கிறார்களாமே?

கனடாச் சித்தப்பா: ஓம் அண்ணை, என்னுடைய மான் வேட்டை றைபிளில் போட்டிருக்கிறேன். பாதரசம் அடைத்து மூடிய உருக்குக் குழாய். துவக்கு வெறுமை என்று பார்த்த பிறகு, பிடங்கின் பின்னால் இருக்கும் இறப்பர் மெத்தையைக் கழற்றி, மரத்தில் நேராகத் துளை போட்டு இறக்கவேண்டும். குழாய் துளைக்குள் இறுக்கமாக நிற்கவேண்டும், ஆடினால் ஒவ்வொரு வெடிக்கும் மரத்தை இடிக்கும். இடைவெளி இருந்தால் டேப் சுற்றலாம்.

தம்பி: பாதரசம் என்ன செய்கிறது சித்தப்பா?

கனடாச் சித்தப்பா: பெரும்பங்கு எடைதான். 3.5 கிலோ றைபிளில் 350 கிராம் கூட்டினால் தோளுக்கு வரும் சக்தி 9 வீதமளவு குறையும். அப்புறம், துவக்கு பின்னால் பாயும்போது உள்ளே பாதரசம் ஒரு கணம் பிந்தித்தான் நகரும். அதனால் அடி கொஞ்சம் நீண்டு, மெதுவாக விழும். விற்பவர்கள் இந்த இரண்டாவதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். என் தோளுக்குத் தெரிந்தது எடைதான்.

தம்பி: நகை வேலை செய்கிறவரிடம் பாதரசம் வாங்கி பைப்புக்குள் ஊற்றினால்?

கனடாச் சித்தப்பா: வேண்டவே வேண்டாம்! அதன் ஆவி மூச்சோடு போய் நரம்பைக் கெடுக்கும், அலுமினியத்தில் பட்டால் அரித்துவிடும். எடைதான் தேவை என்றால் ஈயக்கட்டியைத் துணியில் சுற்றி இறுக்கினாலே போதும். அண்ணை, உங்களுடையது அந்தப் பழைய இரட்டைக்குழல்தானே?

பெரியப்பா: அதேதான், 12 போர் குழல் அளவு. முந்திப் பிடங்கு பிளந்தபோது ஒட்டுசுட்டான் தச்சரிடம் முதிரை மரத்தில் செய்வித்தேன். பின்னால் வெறும் இரும்புத் தகடு.

கனடாச் சித்தப்பா: முதிரையா? அப்படியென்றால் குழாயை விடுங்கோ. வழமையாகப் பிடங்கு செய்கிற வால்நட் மரத்தை விட முதிரை எவ்வளவோ பாரம், எடை ஏற்கெனவே பின்னால் இருக்கிறது. இன்னும் கூட்டினால் குழலின் வாய்ப்பக்கம் இலேசாகி, ஓடுகிற பன்றிக்குக் குறி தவறும். துளை பிடங்கின் ஒடுங்கிய கழுத்துப் பக்கம் நெருங்கினால் திரும்பவும் பிளக்கும். நோவுக்குக் காரணம் அந்தத் தகடுதான், அடி முழுவதும் எலும்பில் இறங்குகிறது. இறப்பர் மெத்தை போடுங்கோ. ஆனால் மெத்தையின் தடிப்புக்கு மரத்தை வெட்டிக் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் பிடங்கு நீண்டு தோளில் சரியாக இருக்காது. விரல் வைத்து இழுக்கிற விசையிலிருந்து பிடங்கின் பின்பக்கம் வரை அநேகருக்கு 14 அங்குலமளவு பொருந்தும், உங்கள் கை கட்டை, கொஞ்சம் குறையும்.

பெரியம்மா: லைசென்ஸ் கொடுக்கிற அரச அலுவலகமான கச்சேரியில் கேட்காமல் ஒருவரும் அதில் கைவைக்க வேண்டாம். வருஷாவருஷம் லைசென்ஸ் புதுப்பிக்க இவர் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

கனடாச் சித்தப்பா: அண்ணி சொல்வது சரி. முதலில் கேளுங்கோ. மரம் வெட்டும்போது குழலும் பூட்டும் தச்சர் கையில் போகக்கூடாது. பிடங்கை மட்டும் கழற்றிக் கொடுங்கோ.

பெரியப்பா: சரி தம்பி. திங்கட்கிழமை முல்லைத்தீவுக் கச்சேரிக்குப் போகிறேன். அதுவரை துவக்கு பெட்டிக்குள்.

தம்பி: அப்போ இரவுக் காவல்?

பெரியப்பா: யானை விரட்டுகிற பட்டாசு, யானைவெடி இருக்கிறது. வரம்பில் தீயும் மூட்டலாம். நீ வருகிறாயா?

தம்பி: வருகிறேன் பெரியப்பா. சாப்பிட்டுவிட்டு 8 மணிக்கெல்லாம் நிற்பேன்.

பெரியம்மா: இங்கே வந்து சாப்பிடு. புட்டு அவிக்கிறேன்.